நூறு என்று எழுதிய அறுபது

டாக்டர் யுகேந்திரனுக்கு வெளிச்சம் என்றால் உயிர். அதுவும் மேடை வெளிச்சம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அவருடைய ஆபீஸ் ஈப்போவில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. படிக்கட்டில் பல்பு கிடையாது. தட்டித் தடவித்தான் ஏற வேண்டும். ஏறி முடித்தால் சுவர் முழுக்க அவருடைய படங்கள், ஒவ்வொரு படத்துக்கும் மேலே தனி விளக்கு. வெளிச்சத்தில் இண்டர்நெட் கொடுக்கப் போகிற கம்பெனி என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார்.

நான் நவமணி, வயது நாற்பத்தேழு. கமுந்திங்கில் விளக்கு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு வருடம் சோதனைப் பிரிவில் இருந்தேன். எல்இடி விளக்குகளை ஒவ்வொன்றாக அளந்து தரம் பிரித்துப் போடுவது என் வேலை. ஒருநாள் முதலாளி தொழிற்சாலையை மூடிவிட்டு வியட்நாமுக்குப் போய்விட்டார். இயந்திரங்களை எல்லாம் பத்திரமாகக் கட்டி எடுத்துக்கொண்டு போனார், எங்களை விட்டுவிட்டார். அதன் பிறகுதான் டாக்டரிடம் சேர்ந்தேன். மூன்று மாத ஒப்பந்தம், அது முடிந்தால் இன்னொரு மூன்று மாதம், இப்படி ஐந்து முறை ஆகிவிட்டது. எஸ்பிஎம் பள்ளிப் படிப்பு மட்டும் முடித்த, நாற்பத்தேழு வயதுப் பெண்ணுக்கு யார் நிரந்தர வேலை தருவார்கள்? எனக்கு அந்தக் கடிதம் வேண்டும், 'இன்று முதல் நீங்கள் நிரந்தரம்' என்று ஒரு கடிதம். கோயிலில் போய் நின்றால் வேறு எதையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"லகாட் கடை வேல நல்லபடியா முடியட்டும் அக்கா, கடுதாசி கன்ஃபர்ம்," என்றார் டாக்டர். வேலை ஆக வேண்டியிருந்தால் நான் அக்கா. மற்ற நேரத்தில் நான் 'டெக்னீஷன்'.

லகாட் கடை என்பது லகாட் ஊரில் முகம்மது கௌஸ் அண்ணன் நடத்தும் நாசி கண்டார் சோற்றுக்கடை. இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும். நிதி கொடுக்கிற அமைப்பு, 'மக்கள் கூடும் இடத்தில் செய்து காட்டுங்கள்' என்று சொல்லிவிட்டது. டத்தோ பட்டம் வாங்கிய அதன் தலைவரே நேரில் வந்து பார்ப்பாராம். மக்கள் கூடும் இடம் என்றதும் டாக்டருக்கு ஞாபகம் வந்தது தான் தினமும் கடனில்லாமல் தே தாரேக் டீ குடிக்கும் கடைதான். கடனில்லாமல் என்றால், காசும் கொடுக்காமல்.

விஷயம் இதுதான். கூரையில் இருக்கிற விளக்கைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் கூட்டிக் குறைத்தால், அந்தக் கூடுதலிலும் குறைச்சலிலும் படம், பேச்சு, எழுத்து எதை வேண்டுமானாலும் ஏற்றி அனுப்பலாம். மேசையில் ஒரு சின்னக் கண்ணாடிக் கண்ணை வைத்து, அது பார்த்ததைத் திரும்பப் படமாக்கலாம். நம் கண்ணுக்கு அது சாதாரண விளக்கு. கேட்க அழகாக இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. கௌஸ் அண்ணன் கடையில் பன்னிரண்டு விளக்கை மாட்டி, மேசையில் ஒரு வீடியோவை ஓடவிட்டோம். படத்தில் வந்தவரின் மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் போனது. குரல் வாளிக்குள் பேசுகிற மாதிரி இருந்தது. அப்புறம் எல்லாம் நின்றுவிட்டது.

"வெளிச்சம் பத்தல," என்றார் டாக்டர். கட்டுப்படுத்துகிற பெட்டியின் திருகைப் பிடித்து எண்பதிலிருந்து நூறுக்குத் திருப்பினார்.

"அதான் நானும் சொல்றேன்," என்றார் கௌஸ் அண்ணன். "கெலாப்பா இருந்தா கடைக்கு ஆளு வராது லா. இருட்டுக் கடையில எவன் ரொட்டி சானாய் திம்பான்?"

அன்றைக்குப் படமே வரவில்லை. ஆனால் கடை வெளியே ரோட்டில் போகிறவர்களுக்கும் நன்றாகத் தெரிந்தது.

நான் அலையைப் பார்க்கிற ஸ்கோப் கருவியை எடுத்துப் போய் வைத்துப் பார்த்தேன். ஏறி இறங்க வேண்டிய அலையின் உச்சிகள் எல்லாம், நம்ம ஈப்போ பக்கம் கல் உடைக்கிற மலை மாதிரி தட்டையாகிப் போயிருந்தன. காரணம் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. விளக்குக்கு ஒரு எல்லை உண்டு. அது முழுசாக எரிந்துகொண்டிருக்கும்போது, 'இன்னும் கொஞ்சம் கூடு' என்றால் எங்கே போகும்? கூடுவதற்கு இடமில்லை. நாம் அனுப்பிய சேதியின் தலை அங்கே வெட்டுப்படும். தலை போன சேதிதான் மேசைக்கு வரும். நடுவில், ஒரு அறுபதில் வைத்தால், ஏறவும் இடமிருக்கும், இறங்கவும் இடமிருக்கும். கமுந்திங்கில் பதினெட்டு வருடம் ஆயிரக்கணக்கான விளக்குகளை இப்படி அளந்திருக்கிறேன். இதற்கு டாக்டர் பட்டம் தேவையில்லை.

அலை வெட்டுப்பட்ட படத்தை அச்செடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

"சார், நூறு வேணாம். அறுபது போதும். அறுபதுலதான் நல்லா போகும்."

டாக்டர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "அக்கா, நாம வெளிச்சத்த விக்கிறோம். டத்தோ முன்னாடி போயி, எங்க வெளிச்சம் அறுபது பெர்செண்ட்டுனு சொல்ல முடியுமா? மிச்சம் நாப்பது எங்கன்னு கேப்பாரு."

"மிச்சம் நாப்பதுலதான் சார் சேதி போவுது."

"உங்களுக்கு மார்க்கெட்டிங் புரியாது," என்றார். அதோடு அன்றைய அறிவியல் முடிந்தது.

இரண்டாவது முறை கூட்டத்தில் சொன்னேன். 'நவமணி பாசிட்டிவா பேசணும்' என்று குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். மூன்றாவது முறை மின்னஞ்சலில் எழுதினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று பதிலாக வந்தது. செவிடன் காதில் சங்கு ஊதினாலாவது ஊதினவனுக்கு மூச்சுப் பயிற்சி மிஞ்சும். டத்தோ வர இன்னும் பத்து நாள்தான் இருந்தது. படம் வராவிட்டால் யார் தலை உருளும்? டாக்டர் தலை உருளாது, அது சுவரில் பதினாறு இடத்தில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறது.

இந்த இடத்தில் என் மாமியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கருப்பம்மாள் என்று பெயர். நான் அடுப்பில் வைக்கிற எந்தக் குழம்பானாலும் சரி, அவர் வந்து மூடியைத் திறந்து, ருசி பார்க்காமலே ஒரு பிடி உப்பைப் போட்டுவிட்டுப் போவார். கல்யாணமான முதல் மாதம் வீட்டில் ஒருவரும் சாப்பிட முடியவில்லை. சொல்லிப் பார்த்தேன். 'எனக்குச் சொல்லித் தர வந்துட்டா' என்று மூன்று நாள் பேசவில்லை. அப்புறம் நான் என்ன செய்தேன்? அவர் போடப் போகிற அந்த ஒரு பிடியைக் கழித்துவிட்டுச் சமைத்தேன். குழம்பு தட்டுக்கு வரும்போது உப்பு சரியாக இருந்தது. இருபத்துநான்கு வருடமாக அப்படித்தான். அவருக்குத் தன் கைப்பக்குவத்தின் மேல் அவ்வளவு பெருமை. தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

விளக்குக்கும் இதே வைத்தியம்தான். நடுவில் வைத்தாலும் எந்த விளக்கும் நேராக நடக்காது. பத்து கொடுத்தால் பத்து கூடும், இருபது கொடுத்தால் பதினேழுதான் கூடும். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு வளைவு உண்டு. அந்த வளைவை அளந்துகொண்டு, சேதியை அதற்கு நேர் எதிராக முன்னாலேயே வளைத்து அனுப்பினால், விளக்கு தன் பங்குக்கு வளைத்த பிறகு அது நேராகிவிடும். பன்னிரண்டு விளக்கையும் கழற்றி, சூடாக்கி, தனித்தனியாக அளந்தேன். ஒவ்வொன்றின் முதுகிலும் எண் போட்டேன். பன்னிரண்டு அட்டவணைகளைப் பெட்டியின் நினைவில் ஏற்றினேன்.

கடையிலும் வேலை இருந்தது. விளக்குகள் மின்விசிறிகளுக்கு மேலே இருந்ததால், இறக்கை ஒவ்வொரு சுற்றிலும் வெளிச்சத்தை நறுக்கிக்கொண்டிருந்தது. விசிறியை நிறுத்தச் சொன்னால் கௌஸ் அண்ணன் கடையையே நிறுத்தச் சொன்ன மாதிரி பார்த்தார். சரி என்று விளக்குகளைக் குழாயில் கட்டி விசிறிக்குக் கீழே தொங்கவிட்டேன். மூடிகளில் பத்து வருட மீன் பொரியல் படிந்திருந்தது. வெந்நீர் வைத்துத் துடைத்தேன்.

அப்புறம் வெளிச்சத்தைக் குறைத்தேன். ஒரே நாளில் குறைத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஐந்து என்று எட்டு நாளில் நூறிலிருந்து அறுபதுக்குக் கொண்டு வந்தேன். எட்டாவது நாள் கௌஸ் அண்ணன் கல்லாவில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். எனக்குத் திக்கென்றது.

"தங்கச்சி, இப்பதான் கடை பளிச்சுன்னு இருக்கு. நூறு வச்சது நல்லதாப் போச்சு."

"ஆமாண்ணே," என்றேன்.

டாக்டர் மட்டும் பாக்கி. அவர் வந்தால் முதலில் திருகைத்தான் பிடிப்பார். பெட்டியின் முகப்பில் பூஜ்ஜியத்திலிருந்து நூறு வரைக்கும் எண் போட்ட ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. அதே மாதிரி புதிதாக ஒன்று அச்சடித்தேன். அதில் அறுபது இருக்க வேண்டிய இடத்தில் நூறு என்று இருந்தது. திருகு அதைத் தாண்டிப் போகாமல் உள்ளே ஒரு ஆணியை வைத்தேன். பொய்தான். ஆனால் நான் மூன்று முறை உண்மையைச் சொல்லிப் பார்த்தவள். மறைக்கிற எண்ணமும் எனக்கு இல்லை. அந்த மாத அறிக்கையின் நாலாவது பக்கத்தில் எழுதினேன்: 'முகப்பில் 100 என்று இருப்பது உண்மையில் 60. காரணமும் அளவுகளும் பின்னிணைப்பில்.' டாக்டர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். முதல் பக்கத்தில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

டத்தோ பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது, ஒரு மணிக்கு வந்தார். பிரியாணி தயாராகிவிட்டதை யாரோ சொல்லியிருக்க வேண்டும். வெயில் உள்ளே வராமல் முன்பக்கத் துணித்திரைகளை இறக்கி வைத்திருந்தேன். டாக்டர் கோட்டு போட்டு வேர்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க தத்துவம் ரொம்ப சிம்பிள் டத்தோ. முழு வெளிச்சம், முழு சேதி," என்று சொல்லிவிட்டு, எல்லாரும் பார்க்கிற மாதிரி திருகை நூறுக்குத் திருப்பினார். ஆணியில் போய் 'டக்' என்று நின்றது. அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது, இன்னொரு தடவை திருப்பிக் காட்டினார்.

குவாந்தானில் இருக்கிற டத்தோவின் மகளை மேசைத் திரையில் கூப்பிட்டோம். வந்தாள். மூக்கும் வாயும் அதது இடத்தில் இருந்தன. 'அப்பா, மறுபடியும் பிரியாணியா' என்று அவள் கேட்டது மூன்று மேசைக்குக் கேட்டது. கை தட்டினார்கள். கௌஸ் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் நெஞ்சு நிறைந்து போயிருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கடைசி வரிசையில் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கத்தில் நின்று, கடிதத்தில் என் பெயரை எப்படி எழுதுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறு வாரம் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். புதிய படம் ஒன்று சுவரில் ஏறியிருந்தது, திருகோடு அவரும் டத்தோவும்.

"அக்கா, அடுத்த கட்ட நிதி கெடைச்சிருச்சு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஒண்ணுல நாப்பது வெளக்கு மாட்டப் போறோம்."

"நல்லது சார். கடிதம்?"

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "அதான் பேசலாம்னு கூப்பிட்டேன். உங்கள எடுத்ததே ட்ரபிள்ஷூட்டிங்குக்குத்தான். இப்ப ட்ரபிளே இல்லையே. நூறு வச்சோம், ஓடுச்சு. இதுக்கு நிரந்தரமா ஒரு ஆளு எதுக்குன்னு போர்டுல கேக்குறாங்க."

போர்டு என்பது அவரும் அவர் மனைவியும்.

"சார், ஒவ்வொரு வெளக்கையும் அளக்கணும். அட்டவணை ஏத்தணும். அறிக்கையில எழுதியிருக்கேன்."

"அறிக்கையெல்லாம் ஃபைல்ல இருக்கு. நீங்க நல்லா பண்ணீங்க, சர்டிஃபிகேட் தாரேன்."

சான்றிதழைச் சட்டம் போட்டே கொடுத்தார். படி இறங்கும்போது இருட்டில் கால் இடறியது. வீட்டுக்குப் போகாமல் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். அவர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம்தான் அதிகம். அவர் பிழையை நான் அவ்வளவு சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தேன், அவருக்குப் பிழையே இல்லை என்று ஆகிவிட்டது. படம் ஒருநாள் கோணிக்கொண்டு நின்றிருந்தால் நான் தேவைப்பட்டிருப்பேன்.

பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் அந்தத் தோட்டம் இருந்தது. ரப்பர் மரங்களை வெட்டிப் பாதியில் செம்பனையும் பாதியில் வீடுகளும் வந்துவிட்டன, பள்ளி மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. ஃபோனில் பேச வேண்டும் என்றால் ஆசிரியர்கள் மேட்டில் ஏறி நிற்க வேண்டும். வெளிச்சத்தில் பாடம் வரும் என்று சொன்னதும் தலைமை ஆசிரியை சரளா பெற்றோர்களைக் கூட்டி இனிப்புக் கொடுத்தாராம். இதெல்லாம் இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம் டாக்டர் ஃபோனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"அக்கா, சுகமா? ஒரு சின்ன விஷயம். புதுப் பெட்டி, புது வெளக்கு, எல்லாம் நூறுல வச்சிருக்கு. படம் அறுந்து அறுந்து வருது. டீச்சர் மொகம் நாலா தெரியுது. புள்ளைங்களுக்குத் தலவலியாம். ரொம்ப சூசா, ஒரே தொந்தரவு." அப்புறம் குரல் மாறியது. "நீங்க போவும்போது ஏதாச்சும் கை வச்சிட்டுப் போனீங்களா?"

நான் தொடாத பெட்டிக்கு நான் குற்றவாளி.

"சார், லகாட்ல நூறு வைக்கல. அறுபதுதான். என்னைக்குமே அறுபதுதான்."

"என்னக்கா சொல்றீங்க, நானேதான திருப்புனேன்."

"ஸ்டிக்கர்ல நூறு. உள்ள அறுபது. வெளக்குக்கு வெளக்கு வேற அட்டவணை. அறிக்கை நாலாம் பக்கம் பாருங்க. நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க, பச்ச மையில."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பாவம், தன் கையெழுத்தை முதல் முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"இது வேற யாருக்காச்சும் தெரியுமா?" என்று கேட்டார். அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"தெரியாது சார். உங்களுக்கே இப்பதான தெரியுது."

"நல்லது. அக்கா, நாளைக்கே வாங்க. கடுதாசி டைப் பண்ணச் சொல்றேன். நிரந்தரம். அளக்குறதெல்லாம் அளங்க. ஆனா அந்த ஸ்டிக்கர் மட்டும்..." குரலைத் தாழ்த்தினார். "அந்த ஸ்டிக்கர அதே மாதிரி அடிச்சு ஒட்டிருங்க. நூறுன்னு."

ஐந்து ஒப்பந்தம் காத்திருந்த கடிதம். சரி என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். ஒட்டினால், அடுத்த பள்ளிக்கூடத்தில் மறுபடியும் நான் எதற்கு என்று போர்டு கேட்கும்.

"வாரேன் சார். கடிதம் கொடுங்க, வெளக்க அளந்து தாரேன். ஆனா பெட்டியில அறுபதுன்னுதான் இருக்கும். டத்தோ கேட்டா, நவமணி அளந்து வச்சதுன்னு நீங்க சொல்லணும்."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றார்.

ஒன்பது நாள் ஆகிவிட்டது. நேற்றுப் பேப்பரில் படம் வந்திருந்தது: பள்ளி மண்டபத்தில் நாற்பது விளக்கும் முழுசாக எரிய, நடுவில் டாக்டர், பக்கத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பிள்ளைகள். படத்தில் திரை தெரியவில்லை. திரைக்கு முன்னால் மாலை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆக, யோசித்துவிட்டார்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சமைக்கப் போனேன். கோழிக் குழம்பு. எனக்கிருந்த ஆத்திரத்தில், இருபத்துநான்கு வருடத்தில் முதல் முறையாக உப்பைச் சரியான அளவில் போட்டேன். கழிக்கவில்லை. மாமியார் வழக்கம்போல வந்தார், மூடியைத் திறந்தார், ஒரு பிடியைப் போட்டுவிட்டுப் போனார்.

சாப்பிட உட்கார்ந்தோம். முதல் வாயிலேயே அவர் முகம் சுருங்கியது.

"என்னடி இது, கடல் தண்ணியா? வேல போனதுலேர்ந்து உனக்குக் கையே ஓடல."

"அத்தை," என்றேன். "நான் சரியாத்தான் போட்டேன். கூடுனது நீங்க போட்ட பிடி. இருபத்துநாலு வருஷமா நீங்க போடப் போறதக் கழிச்சிட்டுத்தான் நான் சமைச்சேன். இன்னைக்குக் கழிக்கல."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். குழம்புச் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு மன்னிப்போ, ஒரு வெட்கமோ வரும் என்று நான் காத்திருந்தேன். தண்ணீரை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

"அப்ப இன்னைக்கு ஏன் கழிக்கிறத நிறுத்துன?" என்று கேட்டார்.